ஆற்றோரத் தோப்பில் நீர்நாய் இருந்தால் கட்டடம் கட்டலாமா?

கரூர், நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

காவிரிக் கரையில் அப்பா காலத்துத் தென்னந்தோப்பு, ஆறு ஏக்கர். தேங்காய் விலைக்கும் ஆள் கூலிக்கும் கட்டுப்படியாகவில்லை. அதனால் எட்டுக் குடில்கள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஒரு மீன் குட்டை என்று சின்னதாகப் பண்ணை விடுதி கட்ட முடிவு செய்து, வங்கிக் கடனும் வாங்கியாகிவிட்டது. தோப்புக்கும் ஆற்றுக்கும் நடுவே நாணலும் சீமைக்கருவேலமும் மண்டிய ஒரு பட்டை கிடக்கிறது. அதை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்து, கரைக்குக் கல் அடுக்கி, படித்துறை வைப்பதுதான் முதல் வேலை. இந்த நேரத்தில், மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, அந்தப் புதரிலிருந்து ஆறேழு நீர்நாய்கள் வரிசையாக ஆற்றில் இறங்கியதைத் தோட்டக்காரர் காட்டியிருக்கிறார். பின்னால் வந்த இரண்டும் சிறியவை.

அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "வெளியே தெரிவதற்கு முன்னால் ஒரே நாளில் தள்ளிவிடலாம், இரண்டு சரவெடி போட்டால் அதுவே ஓடிவிடும்" என்கிறார் காண்ட்ராக்டர். "ஃபாரஸ்ட்காரனுக்குத் தெரிந்தால் நிலமே போய்விடும்" என்கிறார் மைத்துனர். வனத்துறையிடம் சொல்லிப் பிடித்து அணைப் பக்கம் விட்டுவிடலாமே என்கிறார் அண்ணன். விடுதிக்கு அதையே விளம்பரமாக வைக்கலாம் என்பது மனைவியின் ஆசை. பிரிட்டனில் படிக்கும் மகள் அந்த நாட்டு வழிகாட்டி ஒன்றை அனுப்பி, அதன்படி சர்வே எடுத்து லைசென்ஸ் வாங்கச் சொல்கிறார். போதாக்குறைக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். "நான் என்ன செய்வது? நீர்நாய்க்காகக் கட்டடத்தையே விட வேண்டுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

கட்டட வேலை நடக்கும் இடங்களில் உயிரினக் கணக்கெடுப்பு செய்வது என் தொழில். உங்கள் கேள்விக்கு நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். விடுதியைக் கட்டலாம். அந்தப் புதர்ப் பட்டையில் ஜேசிபி இறங்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவது போல உங்களுக்குத் தோன்றுகிறது. ஆறு ஏக்கர் இருக்கிற இடத்தில் அப்படி மோத வேண்டிய அவசியமே இல்லை. குடில்களைத் தோப்புக்குள் நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி வைத்தால், உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் எத்தனை மீட்டர், எந்த இடத்தில் என்பதை நானோ காண்ட்ராக்டரோ குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது. அதைக் கரையில் நடந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீங்கள் பார்த்தது அநேகமாக மென்மயிர் நீர்நாய். காவிரியின் சமவெளிப் பகுதியில் குடும்பமாக, வரிசையாகப் போகிற நீர்நாய் என்றால் அதுதான். உருவத்தில் பெரிய இனம்; வளர்ந்தது ஏழிலிருந்து பதினோரு கிலோ வரை இருக்கும். நண்டும் நத்தையும் தின்று மலை ஓடைகளில் வாழும் சிறுநக நீர்நாய் வால்பாறை, நீலகிரிப் பக்கத்தது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இரண்டுமே அழிவாய்ப்புள்ள இனங்கள்.

முதலில் புல வரைபடத்தை எடுங்கள்

நீங்கள் நீர்நாயைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் கேட்பது, அந்தப் புதர்ப் பட்டை உங்கள் பட்டாவில் இருக்கிறதா என்பதை. கடிதத்தில் "எங்கள் கரை" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காவிரிக் கரையில் தோப்பு வைத்திருக்கும் பலர் அப்படித்தான் சொல்வார்கள். தாத்தா காலத்திலிருந்து அனுபவத்தில் இருக்கும், வேலிகூட ஆறு வரைக்கும் போட்டிருப்பார்கள். எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டையும் எடுத்து வைத்துப் பார்த்தால், பட்டா எல்லை தென்னை வரிசையோடு நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் ஆற்றுப் புறம்போக்கு என்று இருக்கும். தாலுகா சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். இதைச் செய்யாமல் செய்கிற எந்தத் திட்டமும் வீண்.

அளந்து பார்த்து அது புறம்போக்கு என்று தெரிந்தால், அங்கே கல் அடுக்குவதும் படி கட்டுவதும் நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் நடக்காது. கரையைச் சீவி எடுக்கும் மண்ணையும் மணலையும் தோப்பு மேடாக்கப் பயன்படுத்தினால், அது கனிமச் சட்டத்தில் தனி வழக்கு. நீர்நாய் என்கிற பேச்சே வராமல், ஆக்கிரமிப்பு என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் படித்துறையை இடிக்கச் சொல்ல முடியும். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பத்திர விவரங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அந்த வேலை என்னுடையது இல்லை.

பட்டாவுக்குள்ளேயே வந்தாலும் விடுதிக் கட்டடத்துக்கு நகர் ஊரமைப்பு அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். அப்போது வெள்ளம் ஏறும் இடமா என்று நீர்வளத் துறையின் கருத்தைக் கேட்க வாய்ப்பு அதிகம். ஆற்றை ஒட்டிக் குடில் வைக்காததற்கு நீர்நாயை விட வலுவான காரணம் அதுதான். சுற்றுச்சூழல் அனுமதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கட்டட வகையில் அது 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான் தொடங்குகிறது. எட்டுக் குடிலுக்கு அது வராது. வராது என்பதால் உயிரினங்களைப் பார்க்கத் தேவையில்லை என்று உங்கள் காண்ட்ராக்டர் முடிவு கட்டிவிட்டார். அது வேறு சட்டம், இது வேறு சட்டம்.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நீர்நாய்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அதில் உள்ள விலங்கை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

"நாங்கள் வேட்டையாடவில்லையே" என்பீர்கள். சட்டத்தில் வேட்டை என்பதன் பொருள் ரொம்ப அகலமானது. கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, காயப்படுத்துவது மட்டுமல்ல, விரட்டுவதும் அதற்கான முயற்சியும் அதில் அடங்கும். அதனால் சரவெடி யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். உடந்தையாக இருப்பவரும் குற்றம் செய்தவராகவே கருதப்படுவார். ஜேசிபி ஓட்டிய பையன் செய்தது என்று நீங்கள் ஒதுங்கவும் முடியாது, நீங்கள் சொல்லித்தான் செய்தேன் என்று அவன் ஒதுங்கவும் முடியாது. குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியையும் பறிமுதல் செய்யலாம். காண்ட்ராக்டரிடம் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது சட்டென்று புரியும்.

ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டும். பறவை, ஊர்வன என்றால் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதையே அந்தச் சட்டம் வேட்டை என்கிறது. பாலூட்டியின் வளைக்கு அப்படி ஒரு வரி இல்லை. காலி வளை இடிந்ததற்காக மட்டும் உங்கள் மேல் வழக்கு நிற்குமா என்பது வாதத்துக்குரிய விஷயம். இந்த ஓட்டையைத்தான் உங்கள் காண்ட்ராக்டருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் காலி என்று யார் பார்த்தது? பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது. சத்தம் கேட்டுத் தாய் ஆற்றில் குதித்துவிடும்; குட்டி வளைக்குள்ளேயே கிடக்கும். ஜேசிபியின் கை வளையைப் பிளக்கும்போது உள்ளே குட்டி இருந்தால், ஓட்டை எல்லாம் அடைபட்டுவிடும்.

மைத்துனர் பயப்படுவதற்கு முகாந்திரம் இல்லை. பட்டா நிலத்தில் முதல் அட்டவணை விலங்கு நடமாடுகிறது என்பதற்காக அந்த நிலத்தை வனத்துறை எடுத்துக்கொள்ள முடியாது. சரணாலயம் என்றால் அரசு அறிவிக்கை வெளியிட்டு, உரிமைகளை விசாரித்து, இழப்பீடு கொடுத்து என்று நீண்ட நடைமுறை இருக்கிறது. காவிரியில் 2014இல் வந்த காவிரி வடக்கு, 2022இல் வந்த காவிரி தெற்கு ஆகிய இரண்டு சரணாலயங்களும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காப்புக்காடுகளைக் கொண்டு அமைத்தவை. தனியார் நிலத்தில் சமுதாயக் காப்பகம் என்று ஒன்றை அறிவிக்கலாம். அதற்கு நிலத்தின் சொந்தக்காரர் தாமாக முன்வர வேண்டும். நீங்கள் கேட்டால் ஒழிய அது நடக்காது.

அண்ணனின் யோசனையும் நடக்காது. மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ, தேற முடியாத நோய் என்றாலோதான் முதல் அட்டவணை விலங்கைப் பிடிக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் உத்தரவிட முடியும். அறிவியல் மேலாண்மைக்காக இடம் மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். விடுதி கட்டுவது இதில் எதிலும் சேராது. அப்படியே பிடித்து அணைப் பக்கம் விட்டாலும், அங்கே ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கும். சண்டையில் அடிபட்டுச் சாகும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பும்.

மகள் அனுப்பிய வழிகாட்டி

மகள் அனுப்பியது நல்ல ஆவணம்தான். ஆனால் அப்படியே இங்கே பொருத்த முடியாது. பிரிட்டனில் நீர்நாயின் வளையைச் சேதப்படுத்துவதே குற்றம். வேறு வழியில்லை என்று காட்டினால் அதற்கென்று உரிமம் தரும் ஏற்பாடும் அங்கே உண்டு. நம் சட்டத்தில் "கட்டடத்துக்காக நீர்நாயின் இடத்தைக் கலைக்க" என்று ஓர் உரிமமே கிடையாது. அதனால் இங்கே தப்பு நேராமல் விலகிப் போவது ஒன்றுதான் வழி. அங்கே இருப்பது யூரேசிய நீர்நாய், பெரும்பாலும் தனியாகத் திரியும். இங்கே இருப்பது கூட்டம். ஒரே பாறையில் நிறைய எச்சம் கிடந்தால் நிறையக் குடும்பங்கள் என்று அர்த்தமில்லை. ஒரே குடும்பம் மொத்தமும் ஒரே இடத்தில் எச்சமிடும் வழக்கம் உடையது. காலமும் வேறு. நம் காவிரிக்கு மேட்டூர்தான் நாட்காட்டி. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டால் மணல் திட்டு, காலடித் தடம், எச்சம் எல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

கணக்கெடுப்பை எப்படிச் செய்வது

இப்போது சித்திரை, ஆறு வற்றிக் கிடக்கிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. தோப்பின் எல்லையோடு நிறுத்தாமல் மேற்கே ஒரு கிலோமீட்டர், கிழக்கே ஒரு கிலோமீட்டர், முடிந்தால் எதிர்க்கரையும் நடக்க வேண்டும். சம்பல் ஆற்றில் ரேடியோ கருவி பொருத்திப் பார்த்தபோது, குட்டியோடு இருந்த பெண் நீர்நாய் ஐந்தரை கிலோமீட்டர் நீளத்துக்கும், ஆண் பதினேழு கிலோமீட்டர் வரைக்கும் புழங்கியிருக்கின்றன. ஆகவே உங்கள் இருநூறு மீட்டர் கரை அவற்றுக்கு முழு வீடு இல்லை. அது படுக்கும் அறையா, வழிநடையா என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் கொடுக்க வேண்டிய மரியாதை வேறு வேறு.

தேட வேண்டியது விலங்கை அல்ல, எச்சத்தை. தண்ணீர் ஓரத்துப் பாறை, மணல் மேடு, கிளை வாய்க்கால் ஆற்றில் சேரும் மூக்கு, சாய்ந்து கிடக்கும் மருத மரத்தின் அடி ஆகிய இடங்களில் பாருங்கள். புதியது கறுத்து, வழவழவென்று இருக்கும். காய்ந்தது சாம்பல் நிறமாகி, விரலால் தொட்டாலே பொடியும். உள்ளே பார்த்தால் மீன் செதிலும் முள்ளும்தான். வெயிலில் செதில்கள் அபிரகப் பொடி போல மினுங்கும். வாடை மூக்கைத் துளைக்கும். சங்கப் பாட்டிலேயே மீன் நாற்றத்தோடுதான் நீர்நாய் வருகிறது, அவர்களும் கரையில் நடந்து பார்த்தவர்கள்தான். மரநாயின் எச்சத்தில் பழக்கொட்டை இருக்கும். ஈர மண்ணில் நீர்நாயின் தடத்துக்கு ஐந்து விரல், நாய்க்கு நான்கு. நல்ல சேற்றில் விரலிடைச் சவ்வின் கோடுகூடப் பதிந்திருக்கும். உடம்பைப் புரட்டித் துடைத்துக்கொண்ட மணல் படுகை ஒன்று அருகிலேயே இருந்தால், அடிக்கடி வருகிற இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வளை என்பது மரவேருக்கு அடியில், பாறை இடுக்கில், அடர்ந்த நாணலுக்குள் இருக்கலாம். வாயில் நீர்மட்டத்தை ஒட்டியே இருப்பதும் உண்டு. கண்டுபிடித்தால் கையை விடாதீர்கள், புகை போடாதீர்கள், கல் வைத்து அடைக்காதீர்கள். தானியங்கி கேமராவைச் சற்றுத் தள்ளி, முழங்கால் உயரத்துக்கும் கீழே, வளையின் வாயைப் பார்க்காமல் அதற்குப் போகும் தடத்தைப் பார்த்து வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஓடவிட்டால், தினமும் வந்து தங்குகிறதா, வாரத்துக்கு ஒரு முறை கடந்து போகிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு முறை பார்த்து "இல்லை" என்று எழுதித் தரும் ஆளை நம்ப வேண்டாம். வற்றிய நேரத்தில் ஒன்று, ஆடிப்பெருக்கு சமயத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது ஒன்று. தண்ணீர் ஏறினால் கூட்டம் மேட்டுக் கரைக்கும் பாசன வாய்க்காலுக்கும் வரும். அப்போது உங்கள் தோப்புக்குள்ளேயே படுக்கலாம். அப்புறம் கார்த்திகை முதல் மாசி வரை மீண்டும் ஒரு பார்வை. பெரும்பாலும் மழை ஓய்ந்த குளிர் மாதங்களில்தான் குட்டி போடுகின்றன என்றாலும், மற்ற மாதங்களில் போடவே போடாது என்று உறுதி சொல்ல முடியாது. நீங்கள் மாசியில் பார்த்த சிறிய இரண்டும் இந்தக் குளிரில் பிறந்தவையாக இருக்கலாம். பிறந்த இடம் உங்கள் புதராகவே இருக்கலாம். அதனால்தான் புதரைத் தொடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

யாரை அழைப்பது? மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, உதகை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் காட்டுயிரியல் துறைகள் இருக்கின்றன. கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. அங்கே கேட்டால் இந்த வேலை தெரிந்தவர்களைச் சொல்வார்கள். வருகிறவருக்குத் துணையாக, உங்கள் பக்கத்து ஆற்றுத் துறையில் பரிசல் போடும் மீனவர் ஒருவரை நாள் கூலிக்கு வையுங்கள். எந்த மடுவில் எந்த நேரத்தில் கூட்டம் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் யாருக்கும் தெரியாது. வலையைக் கிழித்து மீனைத் தின்கிறது என்று அவருக்கு நீர்நாய் மேல் கோபம் இருக்கும். அது நியாயமான கோபம். அவரிடம் உபதேசம் செய்ய வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும், கட்டட வரைபடத்தோடு சேர்த்து மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். இப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பின்னால் ஒரு செத்த நீர்நாய் உங்கள் எல்லையில் மிதந்தால், அந்த ஒப்புகைதான் உங்களுக்காகப் பேசும். சில அலுவலகங்களில் "எதற்கு வம்பு, வேலையை நிறுத்து" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்போது எழுத்தில் கேளுங்கள். புதரைத் தொடவில்லை என்று வரைபடத்திலேயே காட்டியிருந்தால், நிறுத்தச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இருக்காது.

வேலை நடக்கும்போது

புதர்ப் பட்டைக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவே முதல் நாளே பச்சை வலை கட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஆளோ வண்டியோ போகக் கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். ஜல்லியும் மணலும் அதை ஒட்டிக் கொட்டக் கூடாது. மாலை ஆறு மணிக்கு மேல் வேலை வேண்டாம்; இந்தக் கூட்டம் விடியற்காலையிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். அஸ்திவாரக் குழியை இரவில் மூட முடியாவிட்டால் ஒரு பலகையைச் சரிவாகச் சாய்த்து வையுங்கள், விழுந்தது ஏறி வந்துவிடும். கிடக்கும் பெரிய பைப்புகளின் வாயை மூடி வையுங்கள். நீர்நாய்க்குக் குழாயைக் கண்டால் உள்ளே நுழைந்து பார்க்காமல் இருக்க முடியாது. காலையில் வேலை தொடங்கும் முன் ஒருவர் குழி, பைப், செங்கல் அடுக்கு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும்.

குட்டி இருக்கும் வளை தென்பட்டால், அதன் பக்கம் மட்டும் வேலையை நிறுத்துங்கள். குட்டிகள் தாயோடு நீந்தப் பழகிப் போய்விட மூன்று நான்கு மாதம் ஆகும். தோப்பின் மறுகோடியில் அந்த நேரத்தில் வேலை நடக்கலாம். குட்டி தனியாகக் கத்துகிறதே என்று தூக்கி வந்து பால் கொடுக்காதீர்கள். அநேகமாகத் தாய் அருகிலேயே இருக்கும். தூக்கி வந்தால் சட்டப்படியும் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். வனச்சரகருக்குப் போன் செய்யுங்கள்.

சீமைக்கருவேலத்தை வெட்டுவது நல்ல காரியம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரெல்லாம் அப்படித்தான் பேசுகிறோம், நானும் அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஆற்றோரத்தில் மருதும் புன்கும் போன பிறகு மறைவுக்கு மிஞ்சியிருப்பது அதுதான். எடுப்பதானால் மூன்று நான்கு வருஷத்தில், துண்டு துண்டாக, ஆள் வைத்து அரிவாளால் எடுங்கள். எடுத்த இடத்தில் மருது, புன்கு கன்றுகளை வைத்து, அவை தலைதூக்கிய பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். அது புறம்போக்காக இருந்தால் இதற்கும் அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும். கல் கட்டுமானம் வேண்டவே வேண்டாம். கரை அரிக்கிறது என்றால் நாணலை விடச் சிக்கனமான தடுப்பு கிடையாது.

விடுதி ஓட ஆரம்பித்த பிறகு தொல்லை தருபவை மூன்று. விளக்கு, நாய், கழிவு. ஆற்றைப் பார்த்து ஒளி வீசும் விளக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நடைபாதைக்குத் தாழ்வான மஞ்சள் விளக்கு போதும். சாப்பாட்டுக் கழிவைத் திறந்து கொட்டினால் ஊர் நாய்கள் கூடும்; அவை குட்டியை விட்டுவைக்காது. செப்டிக் டேங்கைச் சாலைப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள்.

மீன் குட்டை பற்றி. வெட்டினால் நீர்நாய் வரும், வந்து உங்கள் மீனைத் தின்னும். திலேப்பியாவா கட்லாவா என்று பார்க்காது. சிங்கப்பூரில் நகர நடுவே நீர்நாய்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே அடுக்குமாடிக் குளங்களில் வளர்த்த விலையுயர்ந்த கோய் மீன்களைத் தின்றுவிட்டுப் போன கதைகள் ஏராளம். உங்கள் விடுதிக்கு மீன் குட்டை அவசியம்தானா என்று யோசியுங்கள். அவசியம் என்றால் சாலைப் பக்கம் வெட்டி, ஓரடி மண்ணுக்குள் புதைத்த கம்பி வலை வேலி போடுங்கள். கரண்ட் வேலி கூடாது.

உங்கள் மனைவியின் ஆசைக்கு வருகிறேன். தூரத்திலிருந்து, மறைவாக, அமைதியாகப் பார்க்க ஒரு மேடை தோப்பின் விளிம்பில் வைக்கலாம். மீன் போட்டு வரவழைப்பது, படகில் பின்தொடர்வது, "நீர்நாய் நிச்சயம்" என்று விளம்பரம் செய்வது மூன்றும் வேண்டாம். மனிதரைக் கண்டு பயப்படாத நீர்நாய் விருந்தாளிக்கும் ஆபத்து. 2021இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் விடியற்காலையில் நடக்க வந்தவரை ஒரு கூட்டம் சூழ்ந்து பல இடங்களில் கடித்துவிட்டது. பயம் போன நீர்நாய் மீனவரின் வலைக்கும் துணிந்து போகும். அங்கே அதற்கு நல்ல முடிவு இருக்காது.

அந்தப் பையனின் வீடியோவை அழிக்கச் சொல்லி மிரட்ட வேண்டாம். கணக்கெடுப்புக்கு அது நல்ல ஆதாரம்; தேதியோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பொதுவெளியில் போடுவதானால் ஊர் பெயரும் இடமும் தெரியாமல் போடச் சொல்லுங்கள். நீர்நாயின் தோலுக்கும் செல்லப்பிராணியாக விற்கும் குட்டிக்கும் கள்ளச் சந்தை இருக்கிறது. 2019இல் மென்மயிர், சிறுநக இரண்டின் சர்வதேச வணிகத்தையும் முழுதாகத் தடை செய்தும் அது நின்றுவிடவில்லை.

வங்கித் தவணை ஓடுகிறது, காத்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரம் சர்வேயருக்கு மனு, அடுத்த வாரம் கரை நடை, கேமரா. அதே சமயத்தில் உங்கள் பொறியாளர் குடில்களைச் சாலைப் பக்கம் நகர்த்தி வரைபடத்தைத் திருத்தட்டும். அனுமதி வந்ததும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் சாலையோரக் குடில்களிலிருந்தும் தொடங்குங்கள். ஆற்றுக்கு நெருக்கமாக வரும் குடில்களை மட்டும் ஆடிப்பெருக்குக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு முடிவு செய்யலாம். படித்துறைக்கென்று காண்ட்ராக்டருக்குக் கொடுத்த முன்பணத்தை வேறு வேலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை தோட்டக்காரரோடு போகும்போது தென்படும் எச்சத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். அளவு தெரிந்தால் எது என்று சொல்லிவிடுவேன்.